முக்கெஃபுக்: நெப்போலியன் கதை பொருந்தவில்லை
காப்பிக்கொட்டையே சேராத காப்பியை மேற்கு ஜெர்மனியின் ரைன்லாந்து பகுதியில் 'முக்கெஃபுக்' என்பார்கள். அந்தப் பெயர் நெப்போலியன் படையினர் விட்டுப்போன 'மோக்கா ஃபோ', அதாவது போலிக் காப்பி, என்ற பிரெஞ்சுச் சொல்லின் திரிபு என்று ஒரு கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. பிரெஞ்சில் 'ஃபோ' (போலி) பெரும்பாலும் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும். 'ஃபோ மோக்கா' என்றல்லவா இருக்க வேண்டும்? அதோடு பிரெஞ்சு ஆட்சி அங்கே 1814இல் முடிந்தது. இந்தச் சொல் பரவலாகக் கண்ணில் படுவது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். அந்த வட்டார வழக்கிலேயே விடை இருக்கிறது: 'முக்கென்' என்றால் உளுத்த மரத்தின் பழுப்புத் தூள், 'ஃபுக்' என்றால் அழுகியது. வறுத்த சிக்கரி வேரையோ பார்லியையோ பொடித்து உள்ளங்கையில் கொட்டிப் பாருங்கள், அசல் மரத்தூள்தான்! நம் டிகாஷனில் சிக்கரி துணைக்கு வருகிறது, அங்கே முழுக் காப்பியும் அதுவே. அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு நண்பர் இதை உலகப்போர்க் காலப் பானம் என்கிறார். போர்கள் பரப்பின, சரி. ஆனால் அன்றைய ஜெர்மானிய அரசான பிரஷ்யாவின் மன்னர் இரண்டாம் ஃபிரடெரிக் 1781இல் காப்பி வறுப்பதை அரசின் தனியுரிமையாக்கி, திருட்டுத்தனமாக வறுப்பவர்களை வாசனை பிடித்துக் கண்டுபிடிக்க ஆட்களையே தெருவில் விட்டார். ஏழை வீடுகளில் சிக்கரி அப்போதே நுழைந்துவிட்டது. இன்று தண்ணீராக இருக்கும் மட்டமான காப்பிக்கும் அதே பெயர்தான்.