கிரியாட்டினின் இறங்கினால் போதுமா?

எதிர்ப்பொருள் வழி நிராகரிப்புக்குச் (உடலின் எதிர்ப்பொருள்கள் மாற்றுச் சிறுநீரகத்தைத் தாக்குவதற்கு) சிகிச்சை முடிந்து, சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் இரத்தத்தில் இறங்கிவிட்டால், அச்சிறுநீரகம் தப்பிவிட்டதாகக் கொள்ளலாம் என்று நான் வாசித்த ஒரு கட்டுரை கூறுவதை என்னால் அப்படியே ஏற்க இயலவில்லை. பாம்பனில் வசிக்கும் என் அக்காவுக்கு, அத்தான் அளித்த சிறுநீரகத்தில் மூன்றாம் ஆண்டில் இந்த நிராகரிப்பு ஏற்பட்டு, மதுரையில் அந்த எதிர்ப்பொருள்களை அகற்றப் பிளாஸ்மா மாற்றமும், அவற்றை அடக்க இம்யூனோகுளோபுலினும் அளிக்கப்பட்டன. (இரண்டு பிள்ளைகளைப் பெற்றவர் அவர், கருவுற்ற காலத்திலேயே, குழந்தை வழியாக வந்த கணவரின் திசுக்கூறுகளுக்கு எதிர்ப்பொருள் உருவாகியிருக்கக்கூடும் என்பதைக் கட்டுரை தொடவே இல்லை.) கிரியாட்டினின் 2.4-இலிருந்து 1.6-க்கு இறங்கியது, ஆனால் சிறுநீரகம் பழுதுபட்டிருப்பதன் அறிகுறியான, சிறுநீரில் புரதம் வெளியேறுவதோ நிற்கவில்லை.

சிறுநீரகம் எவ்வளவு காலம் நிலைக்கும் என்ற முன்கணிப்புக்குத் திசுப் பரிசோதனையும் பெரிதும் உதவுகிறது. சிறுநீரகத்தின் நுண்ணிய இரத்தக் குழாய்களின் அழற்சி மருந்துக்கு அடங்கக்கூடும். ஆனால் இரத்தத்தை வடிகட்டும் வடிமுடிச்சுகளின் சுவர் இரட்டிப்பதும் நார்த்தழும்பு படிவதும் பெரும்பாலும் மீளாதவை. 1991-இல் கனடாவின் பான்ஃப் நகரில் தொடங்கிய வகைப்பாடு இவற்றுக்குத் தனித்தனியே மதிப்பெண் இடுகிறது. மாற்றுச் சிறுநீரகம் செயலிழக்கும் வாய்ப்பைக் கணிக்க 2019-இல் வெளியான ஐபாக்ஸ் முறையும் அம்மதிப்பெண்களுடன் வடிதிறன், சிறுநீர்ப் புரதம், கொடையாளருக்கு எதிரான எதிர்ப்பொருளின் வலு, அறுவைக்குப் பின் கடந்த காலம் ஆகியவற்றைச் சேர்த்தே எடைபோடுகிறது.

மருந்து தவறுவதும் நோயெதிர்ப்பை அடக்கும் மருந்தான டாக்ரோலிமஸ் இரத்தத்தில் அளவு குறைவதும் எதிர்ப்பொருள் மறுபடி எழுவதற்கு முக்கியக் காரணங்கள். அந்த அளவைப் பார்க்க அக்கா ஒவ்வொரு முறையும் 150 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து மதுரை செல்கிறார். இந்தத் தூரத்துக்கு ஐபாக்ஸில் இடமில்லை.