மகள்களால் மட்டும் உயர்ந்தவரா தாமஸ் பொலின்?
இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியின் இரண்டாம் மனைவி ஆனின் தந்தை தாமஸ் பொலின். "மகள்களைக் காட்டியே தாமஸ் பொலின் பதவி பிடித்தார்" என்று அவரைப் பற்றிய ஒரு கட்டுரை ஒரே வரியில் முடித்துவிட்டது. ஆண்டுக் கணக்கைப் பார்த்தால் இது இடிக்கிறது. அவர் நெதர்லாந்தின் ஆட்சிப் பொறுப்பாளர் மார்கரெட்டிடம் தூதராகப் போனது 1512இல். மகள் ஆன் அப்போது சிறு பெண், எட்டாம் ஹென்றியின் கண்ணில் அவள் படப் பல வருடங்கள் இருந்தன. பிரெஞ்சு மொழியில் அவருக்கிருந்த புலமைதான் அவரை அனுப்ப வைத்தது. கட்டுரைக்குப் பின்னூட்டமாக ஒருவர் "எல்லாம் மாமனார் தயவு" என்று எழுதியிருக்கிறார். பாதிதான் சரி. எலிசபெத் ஹோவர்டை அவர் மணந்த காலத்தில் ஹோவர்ட் குடும்பமே, ஹென்றியின் தந்தை அரியணை பிடித்த 1485 பாஸ்வொர்த் போரில் தோற்ற பக்கம் நின்று, இழந்ததை மீட்டுக்கொண்டிருந்தது. நார்ஃபோக் கோமகன் பட்டம் அவர்களுக்குத் திரும்பியது 1514இல்தான். கல்யாணமான புதிதில் தன் தந்தை இருந்தவரை ஆண்டுக்கு 50 பவுண்டில் காலம் தள்ளியதாகவும், மனைவி வருடம் ஒரு பிள்ளை பெற்றதாகவும் பொலினே பின்னாளில் ஹென்றியின் அமைச்சர் குரோம்வெல்லுக்கு எழுதினார். பெரிய இடத்துச் சம்பந்தம், கையில் காசில்லை! அதற்காக அவரை உத்தமர் என்று சொல்ல வரவில்லை. 1529இல் கிடைத்த வில்ட்ஷயர் பிரபு பட்டத்துக்கு ஆன்தான் காரணம், அதை மறுக்க முடியாது. 1536 மே மாதம் ஹென்றியின் ஆட்சியில் பொலினின் மகனும் மகள் ஆனும் தலை இழந்தார்கள். மறு வருடமே, ஹென்றிக்கு அடுத்த மனைவி பெற்ற இளவரசர் எட்வர்டின் ஞானஸ்நானத்தில் இவர் கையில் மெழுகுவர்த்தியோடு நின்றார். எனக்கு உறுத்துவது அந்தக் காட்சிதான், அதைக் கட்டுரை தொடவே இல்லை.