சொறி நாய்க்குக் கரி ஆயில் மருந்தாகாது

தெருவிலிருந்து மீட்ட சொறி நாய்களுக்கு ஒர்க்‌ஷாப்பில் கிடைக்கும் கரி ஆயிலை, அதாவது எஞ்சினில் ஓடிக் கழிந்த எண்ணெயை, பூசினால் ஒரே வாரத்தில் குணமாகும் என்று மார்த்தாண்டம், தக்கலைப் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் பரவும் தகவல் தவறானது, ஆபத்தானதும்கூட.

காது ஓரத்தில் தடித்த பொருக்கும் முழங்கையில் முடி உதிர்ந்த திட்டும் தெரிந்தால், அது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணிகளின் (mites) வேலை. ஒருவகை தோலுக்குள் வளை தோண்டியும், மற்றொருவகை மயிர்க்கால்களுக்குள்ளும் வாழ்வதால், மேலே பூசும் எண்ணெயை நம்ப முடியாது. கரி ஆயிலிலோ உலோகத் துகள்களும் எரிபொருள் எச்சங்களும் கலந்திருக்கின்றன. புண்ணான தோல் வழியே ஊடுருவுவதோடு, நாய் நக்கும்போது வயிற்றுக்குள்ளும் சென்று கல்லீரலையும் சிறுநீரகத்தையும் அது பாதிக்கக்கூடும்.

ஏற்கெனவே பூசியிருந்தால் மண்ணெண்ணெயால் துடைக்காதீர்கள். பாத்திரம் கழுவும் திரவ சோப்பும் வெதுவெதுப்பான நீரும் கொண்டு கழுவி, நக்கவிடாமல் பார்த்துக்கொண்டு, அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்திற்குக் கொண்டு செல்லுங்கள். அங்கே தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்து, எடைக்கேற்ப மருந்து தருவார்கள். மாட்டுக்கு வாங்கிய ஐவர்மெக்டின் என்ற ஒட்டுண்ணிக்கொல்லி ஊசியை நீங்களாகப் போடுவதும் வேண்டாம். சில இன நாய்களுக்கு அது உயிரையே பறிக்கும்.