சிலுவையை வாங்கினேன், உறையை விட்டுவிட்டேன்

மியூனிக்கில் வருடா வருடம் ஏப்ரலில் தெரேசியன்வீஸ மைதானத்தில் பெரிய பழம்பொருள் சந்தை ஒன்று கூடும். முதல் உலகப் போரில் ஜெர்மானிய வீரர்களுக்குக் கொடுத்த இரும்புச் சிலுவை என்ற பதக்கத்தை முதன்முதலாக அங்கேதான் வாங்கினேன். இரண்டாம் வகுப்புச் சிலுவை. கறுத்த இரும்பைச் சுற்றி வெள்ளி விளிம்பு, மேலே கிரீடம், நடுவில் ஜெர்மன் பேரரசர் கெய்சர் வில்ஹெல்மின் முதலெழுத்து, கீழே 1914. காசு கொடுத்த பிறகு வியாபாரி ஒரு பழுப்பு உறையை நீட்டினார். "இதுவும் அதே ஆளுடையதுதான், இன்னும் பத்து யூரோ கொடுங்கள்" என்றார். உறையின் மூலையில் நீலப் பென்சிலால் ஏதோ எண் எழுதியிருந்தது. உள்ளே படிக்கவே முடியாத கையெழுத்தில் நாலைந்து காகிதங்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

நான் எதை விட்டுவிட்டு வந்தேன் என்று புரிய இரண்டு வருடம் ஆனது.

முதல் உலகப் போரில் பிரிட்டன் தன் வீரர்களுக்குக் கொடுத்த பெரும்பாலான பதக்கங்களின் விளிம்பிலோ பின்புறத்திலோ அந்த வீரனின் எண்ணும் பெயரும் பொறித்திருக்கும். ஜெர்மானியச் சிலுவையில் பெயர் கிடையாது. இரண்டாம் வகுப்புச் சிலுவை மட்டும் ஏறக்குறைய 50 லட்சம் பேருக்குக் கொடுக்கப்பட்டது என்று கணக்கிடுகிறார்கள். அதில் ஒன்று என் மேசையில் இருக்கிறது. யாருடையது? காகிதம் இருந்தால்தான் சொல்ல முடியும்.

அந்தக் காகிதங்களில் முக்கியமானது மிலிட்டேர்பாஸ் என்ற, ஒரு வீரனின் படைப்பணி விவரங்களைப் பதிந்த சிறு கையேடு. உள்ளங்கை அளவுதான் இருக்கும். அப்புறம் முழுசாகக் கிடைத்த ஒரு பவேரியக் காலாட்படை வீரரின் தொகுப்பை வாங்கினேன். அதைப் படிப்பதற்காகவே ஒரு குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து குரெண்ட் என்ற பழைய ஜெர்மன் கையெழுத்தைக் கற்றுக்கொண்டேன். முதலில் ஒரு வரிக்கு ஒரு மணி நேரம் ஆகும். எழுத்துகள் எல்லாம் ஒரே மாதிரி ஊசி ஊசியாக நிற்கும். மெல்ல மெல்ல ஆள் வெளியே வந்தார். பிறப்பு 1893. தொழில் ரொட்டி சுடுபவர். மதம் கத்தோலிக்கம். 1913 அக்டோபரில் படையில் சேர்ந்திருக்கிறார். இரண்டு வருடத்தில் வீட்டுக்குத் திரும்பியிருக்க வேண்டியவர், ஐந்து வருடம் கழித்துத்தான் திரும்பினார். கலந்துகொண்ட சண்டைகளின் பட்டியலைத் தனித்தாளில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். வெர்டன், சோம் என்று பிரான்சில் நடந்த பெரும் சண்டைகள். நடுவில் ஒரு காயம், மருத்துவமனை. வாயு முகமூடியின் அளவு. கடைசிப் பக்கத்தில் 1918 டிசம்பர் முத்திரைகள்: 50 மார்க் விடுவிப்புப் பணம், 15 மார்க் வழிச்செலவு, பக்கத்திலேயே "பேன் நீக்கப்பட்டது". அந்த முத்திரையைப் படித்த இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. சிலுவையைப் பார்த்து ஒருநாளும் அப்படி ஆனதில்லை.

இதனால்தான் பதக்கத்தையும் காகிதத்தையும் பிரித்து விற்பதை நான் இவ்வளவு எதிர்க்கிறேன். வியாபாரக் கணக்கு எனக்கும் தெரியும். சிலுவைக்கு ஒருத்தர், காயம்பட்டவர்களுக்குக் கொடுத்த சின்னத்துக்கு ஒருத்தர், புகைப்படத்துக்கு ஒருத்தர், முத்திரை குத்திய போர்முனை அஞ்சலட்டைக்கு ஒருத்தர் என்று தனித்தனியாகக் கொடுத்தால் கூடுதலாகத் தேறும். ஆனால் அப்படிப் பிரித்த பிறகு அந்த மனிதனை மறுபடி ஒன்று சேர்க்க யாராலும் முடியாது. அன்றைய ஜெர்மனியின் மிகப் பெரிய மாநிலமான பிரஷ்யாவின் வீரன் என்றால் நிலைமை இன்னும் மோசம். பிரஷ்யப் படையின் ஆவணங்கள் பெர்லினுக்குப் பக்கத்து பாட்ஸ்டாமில் இருந்தன. 1945 ஏப்ரலில் குண்டுவீச்சில் பெரும்பகுதி எரிந்துபோயின. பவேரியப் பதிவேடுகள் மியூனிக் போர் ஆவணக் காப்பகத்தில் தப்பிவிட்டன, அதனால் என் ரொட்டிக்காரரை அங்கேயும் தேட முடியும். பிரஷ்யக்காரன் ஒருவனுக்கோ, சந்தையில் பத்து யூரோவுக்குக் கிடக்கும் அந்தக் கையேடுதான் கடைசிச் சாட்சியாக இருக்கலாம்.

சாட்சி என்று சொல்லிவிட்டு, சுலபமில்லாத ஒன்றையும் சொல்ல வேண்டும். தென்மேற்கு ஆப்பிரிக்கப் பதக்கம் என்று ஒன்று உண்டு. 1907இல் ஏற்படுத்தியது, ஜெர்மன் காலனியாக இருந்த இன்றைய நமீபியாவில் போரிட்ட ஜெர்மன் வீரர்களுக்கு. அதன் நாடாவில் சண்டை நடந்த இடங்களின் பெயர் பொறித்த பட்டைகளைக் குத்திக்கொள்வார்கள். அதில் ஒரு பட்டையில் "ஒமாஹேகே" என்று இருக்கும். 1904 ஆகஸ்டில் வாட்டர்பெர்க் சண்டைக்குப் பிறகு அந்த மண்ணின் ஹெரேரோ மக்களைக் குழந்தை குட்டிகளோடு ஜெர்மன் படை விரட்டிய பாலைவனம் அது. நீர்நிலைகளுக்குத் திரும்ப விடாமல் தடுத்தார்கள். ஆயிரக்கணக்கானோர் தாகத்திலேயே செத்தார்கள். அதை இனப்படுகொலை என்று ஜெர்மன் அரசு ஒப்புக்கொண்டது 2021இல்தான்.

அந்தப் பட்டையுள்ள பதக்கத்தை வீட்டில் வைக்கவே கூடாது என்கிறார் ஒரு நண்பர். அவர் கோபம் நியாயமானது. ஆனாலும் எனக்கு வேறு மாதிரிதான் தோன்றுகிறது. காகிதத்தோடு சேர்ந்திருக்கும்வரை அது ஓர் ஆதாரம். இன்ன ஊர்க்காரன், இன்ன படைப்பிரிவு, இன்ன தேதிகளில் அங்கே இருந்தான் என்று சொல்லும். காகிதத்தைப் பிரித்துவிட்டால் மிஞ்சுவது கண்ணாடிப் பெட்டியில் மின்னும் அழகான வெண்கலம் மட்டும்தான். அப்படி மின்னுவதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

இன்னொரு சேகரிப்பாளரின் வீட்டில் பார்த்த தொகுப்பும் நினைவுக்கு வருகிறது. மிலிட்டேர்பாஸில் மதம் என்ற இடத்தில் யூதர் என்று இருந்தது. முதல் உலகப் போரில் ஏறக்குறைய ஒரு லட்சம் ஜெர்மானிய யூதர்கள் படையில் பணியாற்றினார்கள், 12,000 பேர் இறந்தார்கள். அதே ஆளின் பெயரில் 1935ஆம் வருடத்துக் காகிதம் ஒன்றும் கூடவே இருந்தது. போர்முனை வீரர்களுக்கு, அதற்கு முன் ஜெர்மன் ஜனாதிபதியாக இருந்த ஹிண்டன்பர்க் ஏற்படுத்திய கௌரவச் சிலுவைக்கான சான்றிதழ். "தலைவரும் ரைஷ் சான்சலருமானவரின் பெயரால்" என்று அச்சிட்டிருந்தது. தலைவர் என்றது ஹிட்லரை. யூதர்களின் குடியுரிமையைப் பறித்த நியூரம்பெர்க் சட்டங்கள் அந்த வருடம் செப்டம்பரில்தான் வந்தன. இரண்டு காகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எங்கள் இருவருக்கும் பேச்சே வரவில்லை.

ஜெர்மனியில் இருக்கும் நம்மவர்களிடம் ஒரு வேண்டுகோள். பக்கத்து வீட்டுப் பாட்டி வீட்டைக் காலி செய்யும்போது இப்படி ஒரு பெட்டியைக் கொடுத்தால், எதையும் நகர்த்துவதற்கு முன் அப்படியே ஒரு படம் எடுங்கள். சிலுவையைத் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டாம். காகிதத்தை லேமினேட் செய்யவே கூடாது. யாருடையது, எந்த உறவு என்று பாட்டி சொல்வதை அன்றைக்கே எழுதி உள்ளே போட்டுவிடுங்கள். விற்பதாக இருந்தாலும் சரி, மொத்தமாக விற்றுவிடுங்கள்.

அந்த முதல் சிலுவை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அதன் பெட்டியில் ஓர் உறைக்கு இடம் விட்டு வைத்திருக்கிறேன். ஒவ்வொரு ஏப்ரலிலும் அதே மைதானத்தில் மேசை மேசையாகத் தேடுகிறேன். பழுப்பு உறை, மூலையில் நீலப் பென்சிலால் எண். யார் கண்ணிலாவது பட்டால் தயவுசெய்து எனக்குச் சொல்லுங்கள்.