ஏன் இறங்கினாய் என்று கேட்பதற்கு முன்

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அந்தக் காணொளியை எனக்கு அனுப்பாதவர் இல்லை. அதில் இருப்பவர்கள் யார் வீட்டுப் பிள்ளைகள், போன வேன் யாருடையது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்பதால் அதைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. மலையகத்தில் மின்நிலையத்துக்குக் கீழே ஓடும் ஆற்றுப் பாறையொன்றில், நம் மட்டக்களப்புப் பக்கத்து ஐந்து பொடியன்கள் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நிற்க, சுற்றிலும் தண்ணீர் ஏறுகிறது. நல்ல காலம், உயிரோடு கரை ஏறிவிட்டார்கள். அவர்கள் வீடு வந்து சேருமுன்னரே நம்மவர்களின் தீர்ப்பு வந்து சேர்ந்துவிட்டது: "மட்டக்களப்பானுக்குத் தண்ணீரைக் கண்டால் மூளை கழன்றுவிடும்." அதற்குச் சிரிப்புக்குறி போட்டவர்களில் மூவர் என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். அணையிலிருந்து தண்ணீரை எப்போது திறப்போம் என்று சொல்லாதவர்களை விட்டுவிட்டு, ஏன் இறங்கினாய் என்று பிள்ளைகளைக் கேட்காதீர்கள்.

வாவிக்கரையில் வளர்ந்த நமக்கா தண்ணீர் தெரியாது? வாவித் தண்ணீர் கடலுக்கு வடிய ஆற்றுவாய் வெட்டுகிற நாளில் முகத்துவாரப் பக்கம் கால் வைக்கக் கூடாது என்பது ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். மேற்கே இருண்டால் ஆறு பெருகும். பெருகுமுன் நிறம் கலங்கும், சருகும் நுரையும் மிதந்து வரும். ஆனால் மின்நிலையத்துக்குக் கீழே ஓடும் ஆற்றில் இந்த அறிவு எதுவும் செல்லுபடியாகாது. அங்கே வானம் வெளித்திருக்கும்போதே ஆறு ஏறும். நீர்த்தேக்கத்தின் ஆழத்திலிருந்து வருவதால் அந்தத் தண்ணீர் தெளிந்தும் குளிர்ந்தும் இருக்கும். அது மழையால் வருவதில்லை. கொழும்பிலும் காத்தான்குடியிலும் நாம் விளக்குப் போடுவதால் வருகிறது.

மலையகத்து லக்சபான நீர்மின் தொகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். காசல்ரீ நீர்த்தேக்கத்தில் தேங்கும் தண்ணீர் முதலில் விமலசுரேந்திர மின்நிலையத்தில் இறங்கி, நோர்ட்டன் குளத்தில் தங்கி, பிறகு பழைய லக்சபான மின்நிலையத்துக்குப் போகிறது. மவுசாக்கலை நீர்த்தேக்கத்தின் தண்ணீர் கனியோன், புதிய லக்சபான என்ற மின்நிலையங்களின் ஊடாக வேறு வழியாக இறங்குகிறது. பெரும்பாலான தூரத்தை அது மலைக்குள் சுரங்கத்திலும் குழாயிலும் கடந்துவிடுவதால், இடையில் உள்ள பழைய ஆற்றுப்படுகை வெறும் பாறையாகக் கிடக்கும். அந்தப் பாறையைப் பார்ப்பவனுக்கு அது குளிக்கச் செய்துவைத்த இடமாகத்தான் தோன்றும். அணையின் வான்கதவு திறந்தால் அதே பாறை ஆறாகிவிடும்.

2016இல் நானும் அப்படி ஒரு பாறையில் குடும்பத்தோடு இருந்திருக்கிறேன். இடத்தைச் சொல்லவில்லை, சொன்னால் அதற்கும் ஒரு சண்டை வரும். பிட்டுப் பொட்டலத்தை அப்போதுதான் பிரித்திருந்தோம். மகளின் ஒரு செருப்பு மெல்லத் திரும்பி மிதந்து போனது. அவள் சிரித்துக்கொண்டே அதன் பின்னால் நடந்தாள். கணுக்காலில் நின்ற தண்ணீர் நான் எழும்புவதற்குள் முழங்காலுக்கு வந்துவிட்டது. தேயிலை மலையிலிருந்து ஓர் அம்மா, தலையில் கூடையோடு, "மேல ஏறுங்க, தண்ணி தொறந்துட்டாங்க!" என்று கத்தியிராவிட்டால் இந்தப் பதிவை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். கரையேறி நடுங்கிக்கொண்டு நின்றபோதுதான் அறிவித்தல் பலகையைக் கண்டேன். சிங்களத்தில் நான்கு வரிகள். சங்கு ஊதினால் உடனே வெளியேறுமாறும் நீர்மட்டம் திடீரென உயரும் என்றும் எழுதியிருந்ததை எழுத்துக்கூட்டி வாசித்தேன். அதன் கீழே தமிழில் ஒரேயொரு சொல்: "கவனம்."

தமிழ் அரசகரும மொழியானது 1987இல். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளில் ஒரு சொல் வந்து சேர்ந்திருக்கிறது. குறை சொல்லக் கூடாது.

"சங்கு ஊதினார்களே" என்பீர்கள். ஊதினார்கள்தான். தேயிலைத் தொழிற்சாலையிலும் சங்கு ஊதுகிறார்கள். எந்தச் சங்கு எதற்கு என்று களுவாஞ்சிக்குடியிலிருந்து வந்தவனுக்கு யார் சொன்னது? "குடித்துவிட்டு இறங்கியிருப்பார்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். குடித்தவர் குளித்துச் செத்ததில்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தக் காணொளியில் இருந்தது ஒரு பிஸ்கட் பையும் ஒரு துவாயும் மட்டுமே. "மலைக்கு ஏன் போக வேண்டும்" என்பவருக்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. கித்துல்கலவில் படகோட்டவும், மவுசாக்கலை வற்றும்போது வெளித்தெரியும் பழைய மஸ்கெலியாக் கோயிலைப் படமெடுக்கவும் ஊர் உலகமெல்லாம் போகலாம், நம் பிள்ளை மட்டும் போகக் கூடாதாக்கும்.

மின்தேவைக்கேற்ப இயந்திரத்தை ஓட்டுகிறவர்கள் குளிக்கிறவர்களுக்காக நேரம் குறிக்க முடியாது என்ற வாதம் ஓரளவு நியாயமானது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மாலை இருட்டியதும் மின்தேவை உச்சத்துக்கு ஏறும் என்பது இந்த நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த விடயம். ஆற்றுத் தண்ணீரைத் திருப்பும் மேல் கொத்மலை நீர்மின் திட்டம் வந்தபோது, செயின்ட் கிளயர் அருவி பார்வையாளருக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகப் பகலில் அதற்குத் தண்ணீர் விடுவதென்று ஏற்பாடு செய்தார்கள். பார்க்கிறவனுக்கு நேரம் குறிக்கலாம், குளிக்கிறவனுக்கு முடியாதா?

நம் பக்கத்தையே பாருங்கள். பட்டிப்பளை ஆற்றை (கல்லோயாவை) மறித்துக் கட்டிய இங்கினியாகலை அணையிலும் மின்நிலையம் இருக்கிறது, சுமார் 11 மெகாவாட். அங்கே சுழலியைச் சுற்றிவிட்டு வரும் தண்ணீர்தான் அம்பாறை வயல்களுக்குப் போகிறது. எந்தத் திகதியில் திறப்பது, எப்போது நிறுத்துவது என்பதைப் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்தில் தீர்மானிக்கிறார்கள். வயலுக்குத் தண்ணீர் விடுவதைக் கவனிக்கும் வட்டவிதானை வந்து சொல்கிறார். அக்கரைப்பற்றில் வேளாண்மை செய்த என் மாமா அந்தத் திகதியை அடுப்படிச் சுவரில் கரியால் எழுதிவைப்பார். நெல்லுக்குச் சொல்ல முடிந்திருக்கிறது. ஐந்து பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு பலகையில் நான்கு வரித் தமிழ் எழுத முடியவில்லை. அதைக் கேட்க வேண்டிய நாம் சிரிப்புக்குறி போட்டுக்கொண்டிருக்கிறோம்.

அந்த ஐவரில் ஒருவன் என் பக்கத்து வீட்டுப் பிள்ளை. மூன்று நாட்களாக வெளியே வரவில்லை. நேற்று அவனுடைய தாய் கைபேசியைக் கொண்டுவந்து, "என்ன மனே எழுதியிருக்காங்க, கொஞ்சம் வாசிச்சிக் காட்டு" என்றார். இரண்டைப் படித்தேன். பிறகு, இணையம் வேலை செய்யவில்லை என்று சொல்லிக் கைபேசியைத் திருப்பிக் கொடுத்தேன்.