மெமோவுக்கு நீங்களே பதில் எழுதாதீர்கள்

ஒரகடத்தில் வேலை பார்க்கும் அக்கா மகன் போன வாரம் ஒரு போட்டோ அனுப்பினான். கம்பெனி கொடுத்த மெமோ. லைன் லீடரை மிரட்டினானாம், 48 மணி நேரத்துக்குள் விளக்கம் தரணுமாம். போன் போட்டு என்னடா பண்ணப் போறே என்றேன். "ஹெச்ஆர் சொன்ன மாதிரியே சாரின்னு கையெழுத்து போட்டுக் குடுத்துட்டேன் மாமா."

எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. இதே சாரியை 1996-ல் அப்பா எழுதினார்.

அப்பா அம்பத்தூரில் லேத் ஆபரேட்டர். சூப்பர்வைசரைக் கெட்ட வார்த்தையில் திட்டியதாக மெமோ. "கோபத்தில் ஏதாவது பேசியிருந்தால் மன்னிக்கவும்" என்று ஒரு வரி எழுதினார். மன்னிப்புக் கேட்டால் விட்டுவிடுவார்கள் என்று மேனேஜரே சொன்னாராம். உள்விசாரணை அதிகாரிக்கு அந்த ஒரு வரி போதுமானதாக இருந்தது. டிஸ்மிஸ்.

அதற்கப்புறம்தான் தம்புச் செட்டித் தெருவில் லேபர் வக்கீலைத் தேடிப் போனோம். மாடிப்படியில் விளக்கு கிடையாது. மேலே கேஸ் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றையும் படித்துவிட்டு, அந்த வரியில் விரலை வைத்தபடி அப்பாவைப் பார்த்தார். "இதை எழுதுறதுக்கு முன்னாடி வந்திருக்கக் கூடாதாய்யா?"

நாம் கடைசியில்தான் வக்கீலிடம் போகிறோம். கம்பெனிக்காரர்கள் முதலிலேயே போகிறார்கள். 1920-லேயே அப்படித்தான். பி.பி. வாடியா தலைமையிலிருந்த சென்னைத் தொழிலாளர் சங்கத்துக்கு எதிராக பக்கிங்காம் துணி மில் நிர்வாகம் நேராக ஹைகோர்ட்டுக்குப் போய் தடையாணை வாங்கியது. சங்கங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு வந்தது 1926-ல்.

2025 நவம்பர் வரை அமலில் இருந்த 1947-ம் வருஷத்துத் தொழில் தகராறு சட்டம் வக்கீல்களைச் சந்தேகத்தோடுதான் பார்த்தது. சமரசப் பேச்சில் அவர்களுக்கு இடமே தரவில்லை. லேபர் கோர்ட்டில் எதிர்த்தரப்பு சம்மதித்து, கோர்ட்டும் அனுமதித்தால்தான் வர முடிந்தது. அதன் பிரிவு 36(4). நல்ல ஏற்பாடுதான். ஆனால் முதலாளிகள் சங்கத்தில் நிர்வாகியாக இருக்கிற வக்கீல், நிர்வாகி என்ற முறையில் வரலாம் என்று பாரதீப் துறைமுக வழக்கில் 1976-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. தொழிற்சங்க நிர்வாகியாக இருக்கும் வக்கீலுக்கும் அதே வழி உண்டு. அப்படி ஒருவர் எத்தனை சங்கத்தில் இருக்கிறார்?

அப்பாவைக் காப்பாற்றியது அந்தச் சட்டத்தின் 11ஏ பிரிவு. குற்றம் நிரூபணமானாலும் தண்டனை அதிகம் என்று லேபர் கோர்ட் நினைத்தால் குறைக்கலாம் என்றது அது. மறுபடி வேலை உண்டு, இடைப்பட்ட காலத்துச் சம்பளம் இல்லை என்று தீர்ப்பு வர ஆறு வருஷம். கம்பெனி ஹைகோர்ட்டுக்குப் போனது. அங்கே கேஸ் நடக்கும்வரை அதே சட்டத்தின் 17பி பிரிவில் மாதாமாதம் கடைசியாக வாங்கிய சம்பளம் வந்தது. 1996 சம்பளத்தில் 2002-ல் அரிசி வாங்கினோம். வேறெங்கும் வேலை பார்க்கவில்லை என்று பிரமாணப் பத்திரம் கொடுக்க வேண்டும் என்பதால் ராத்திரி வாட்ச்மேன் வேலையையும் விட்டார்.

அந்த வக்கீல் கெட்டிக்காரர். ஆனால் அவருடைய கெட்டிக்காரத்தனமெல்லாம் அந்த ஒரு வரியைத் தாண்டுவதற்கே செலவானது. சங்கத் தோழர்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, கேட்கிறேன்: மே தினத்துக்கு இத்தனை ஃப்ளெக்ஸ் வைக்கிறீர்களே, மாதம் ஒரு சாயங்காலம் ஒரு லேபர் வக்கீலைச் சங்க ஆபீஸில் உட்கார வைக்கக் கூடாதா? மெமோ வாங்கியவன் நேராக அங்கே போகட்டுமே. உள்விசாரணையில் யாரைக் குறுக்கு விசாரணை செய்வது, எந்தக் காகிதத்தைக் கேட்டு வாங்குவது என்று அவர் சொல்லித் தரட்டும்.

அக்கா மகனிடம், கொடுத்த பதிலின் நகலோடு சனிக்கிழமை கிளம்பி வா என்றேன்.

"நகல் இல்ல மாமா. அவங்களே டைப் பண்ணி வச்சிருந்தாங்க."