கடலாமைக்கு ஆள் உண்டு, கடாரத்துக்கு இல்லை

"விடுமுறையில் காசு கொடுத்து வேலை பார்க்கப் போனார்களாம்" என்று குடும்பப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் ஓடிய கேலியை நானும் படித்தேன். மலேசியாவின் திரெங்கானு மாநிலத்துப் பெர்ஹெந்தியான் தீவில் நானும் மனைவியும் மகளும் ஆமைப் பாதுகாப்புப் பணிக்குத் தன்னார்வலர்களாகப் போனதும், அதற்குக் கட்டணம் கட்டியதும் உண்மைதான். படகுக்கு எண்ணெய் ஊற்ற வேண்டும், இரவில் கடற்கரையைக் காக்கும் உள்ளூர்க்காரருக்குச் சம்பளம் தர வேண்டும். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. அந்தக் காசுக்கு நாம் எதை எதிர்பார்க்கிறோம் என்பதில்தான் கோளாறு.

பலரும் எதிர்பார்ப்பது ஒரு படம். உள்ளங்கையில் ஆமைக் குஞ்சு, பின்னால் சூரிய அஸ்தமனம். அந்தப் படத்தை எடுக்கக் கொடுக்கும் இடங்களும் இருக்கின்றன. என்னைக் கேட்டால், விளம்பரத்தில் அப்படி ஒரு படம் இருந்தால் அந்த இடத்துக்குப் போகவே வேண்டாம். எதையும் தொடாதே, விளக்கைப் போடாதே, நான் சொல்லும்வரை நகராதே என்று அதட்டுகிற இடத்துக்குப் போங்கள்.

எங்களை அதட்டினார்கள். பெண் ஆமை கரையேறிய பிறகு மணலில் குப்புறப் படுத்துக் காத்திருந்தோம். குழி தோண்டி முட்டையிடத் தொடங்கும்வரை பக்கத்தில் போகக்கூடாது. அதற்குமுன் வெளிச்சம் பட்டால் அப்படியே கடலுக்குத் திரும்பிவிடும். முட்டை விழத் தொடங்கிய பிறகுதான் சிவப்பு விளக்கு ஒன்றை வாலுக்குப் பின்னால் தாழ்த்திப் பிடித்தார்கள். அதற்குமுன் தோண்டுவதைத் தள்ளியிருந்தே பார்த்தோம். பின்துடுப்பு ஒன்று குழிக்குள் இறங்கி, நுனியைச் சுருட்டி ஒரு பிடி மணலை அள்ளி, சிந்தாமல் மேலே கொண்டுவந்து ஓரமாக வைக்கும். உடனே மறு துடுப்பு, வெளியே கிடக்கும் மணலைத் தட்டிவிட்டு உள்ளே இறங்கும். இடம், வலம், இடம், வலம். தான் தோண்டும் குழியை அந்த ஆமை ஒருமுறைகூடப் பார்ப்பதில்லை. நூறு கிலோவைத் தாண்டிய உடம்பு, குழந்தைக்குச் சோறு பிசையும் கை போல அத்தனை பதமாக வேலை செய்கிறது. நூறு முட்டை அளவுக்கு இட்டு, மூடி, சுற்றிலும் மணலை வாரியிறைத்து அது திரும்பிப் போவதற்குள் எங்கள் கால்கள் மரத்துப்போயிருந்தன.

முட்டைகளைப் பொரிப்பகத்துக்கு மாற்றுவதும் விளையாட்டல்ல. சில மணி நேரத்துக்குள் மாற்றிவிட வேண்டும், புரட்டவும் கூடாது. கரு ஓட்டின் மேற்பக்கத்தில் ஒட்டிக்கொண்ட பிறகு புரட்டினால் செத்துவிடும். மணலின் சூடும் முக்கியம். ஏறத்தாழ 29 பாகை செல்சியசுக்கு மேலே போனால் பெண் குஞ்சுகள் கூடும், கீழே இறங்கினால் ஆண் குஞ்சுகள் கூடும். இது ஏட்டுப் படிப்பாக இருந்திருந்தால் மறந்திருப்பேன். ரந்தாவ் அபாங் கதை தெரியும் என்பதால் மறக்க முடியவில்லை.

அதுவும் இதே திரெங்கானு மாநிலம்தான். 1950களில் ஆண்டுக்கு ஏறத்தாழ 10,000 கூடுகள் வைத்த தோணியாமைகளின் (leatherback) கரை அது. முட்டையைத் தோண்டி விற்றோம், வலையில் மாட்டிச் சாக விட்டோம், கரையேறியதைச் சுற்றி நின்று கைவிளக்கு அடித்தோம், முதுகில் ஏறியும் உட்கார்ந்தோம். காப்பாற்றுவதற்காக அமைத்த பொரிப்பகங்களின் மணல் அளவுக்கு மீறிச் சூடாக இருந்ததால், அவை பெரும்பாலும் பெண் குஞ்சுகளையே கடலுக்கு அனுப்பின. நல்லெண்ணத்துக்கு ஒரு குறையும் இல்லை. இன்று அங்கே தோணியாமை ஏறுவது அறவே நின்றுபோன நிலை. எல்லாவகைக் கடலாமை முட்டைகளின் விற்பனையையும் திரெங்கானு தடை செய்தது 2022இல்தான்.

பகல் வேலையில் கைக்கு வேலையே இல்லை. கடற்புல் மேயும் ஆமையிடமிருந்து தள்ளி மிதந்து, அதன் இரு கன்னங்களையும் படம் எடுக்க வேண்டும். கன்னத்துச் செதில்களின் அமைப்பு ஆமைக்கு ஆமை வேறு, கைரேகை மாதிரி. மாலையில் கணினி முன் அமர்ந்து, பழைய படங்களோடு ஒப்பிட்டு, இது யார் என்று கண்டுபிடிக்க வேண்டும். எனக்குக் கண் சொக்கியது. மகள் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். இதற்கிடையே சுற்றுலாப் படகுகள் வரும். மூச்சு வாங்க மேலே வரும் ஆமையை மிதவைச் சட்டைக்காரர்கள் வட்டம் கட்டுவார்கள். வாழ்நாளில் பெரும்பகுதியை நீருக்கடியில் கழித்தாலும் அது நம்மைப்போல் நுரையீரலால் மூச்சுவிடும் பிராணி என்பதை அந்தக் கூட்டத்துக்கு யார் சொல்வது?

முக்குளிப்பிலும் இதே பாடம்தான். பயிற்சியாளர் எங்களை முதலில் வெறும் மணல்மேல்தான் மிதக்க விட்டார். கைகளை மார்போடு கட்டிக்கொண்டு, ஏறாமல் இறங்காமல் நிற்கத் தெரியாதவருக்குப் பவளப்பாறைப் பக்கம் இடமில்லை என்றார். கட்டிப் பவளம் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே பெரிது. துடுப்புக்கால் ஓர் உதை விட்டால் கணக்கு முடிந்தது. கருந்துடுப்புச் சுறாவைப் பார்த்தோம், அது எங்களைப் பொருட்படுத்தவில்லை. மற்ற மீன்களின் பட்டியலை மனைவி தனியாகப் பதிவிடுவார்.

திரும்பும் வழியில் ஜெலி–கிரிக் நெடுஞ்சாலையில் யானை எச்சரிக்கைப் பலகைகளைக் கடந்து, சுங்கை பட்டாணியில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போனோம். அங்கிருந்து மெர்போக் பக்கம்தான். ஜெராய் மலையடிவாரம், பூஜாங் பள்ளத்தாக்கு, அன்று கடாரம் என்ற இன்றைய கெடா மாநிலத்தின் தொல்லிடம், நம்மவர்கள் பேருந்து பிடித்து வந்து 'கடாரம் கொண்டான்' பதாகையோடு படம் எடுத்துக்கொள்ளும் அதே இடம்.

1025இல் ராஜேந்திர சோழன் படை அனுப்பியது வரலாறு, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் படையெடுப்புக்கு முன்பே, நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடத்தை எழுப்பியவர் கடாரத்து மன்னர். அதற்கு ஆனைமங்கலம் கிராமத்தை வழங்கியவர் ராஜராஜன். பள்ளத்தாக்கிலோ அதைவிடப் பல நூற்றாண்டு பழைய பௌத்தக் கல்வெட்டுகளும் இரும்புருக்கிய உலைகளும் கிடைத்திருக்கின்றன. இத்தனையையும் விட்டுவிட்டு ஒரு போரை மட்டும் பதாகையில் ஏற்றுகிறோம்.

புக்கிட் பத்து பாஹாட் சண்டியில் (கோயில் இடிபாட்டை இங்கே சண்டி என்பார்கள்) கற்பீடமும் தூண்கள் நின்ற அடிக்கற்களும்தான் மிச்சம்; மரக்கூரை என்றோ போய்விட்டது. அருங்காட்சியகத்தில், அங்கே புதைத்திருந்த சிறு கற்பேழையைப் பாருங்கள். நடுவில் ஒரு குழி, சுற்றிலும் எட்டு. உலகத்தையே ஒரு பெட்டிக்குள் அடக்கி அஸ்திவாரத்தில் வைத்த மனிதர்கள்.

2013இல், இதே பள்ளத்தாக்கின் 11ஆம் எண் சண்டி வீட்டுமனைத் திட்டத்துக்காக இடிக்கப்பட்டது. செய்தி வெளியே வந்தபோது இயந்திரம் வேலையை முடித்திருந்தது. நிலம் தனியாருடையது, பாரம்பரிய இடமாக அரசிதழில் பதிவாகவில்லை என்றார்கள். எனக்கு அதைவிட உறுத்துவது, பதாகையோடு வந்த நம் பேருந்துகளில் ஒன்றாவது அந்த 11ஆம் எண் பக்கம் போயிருக்குமா என்பதுதான்.

ஆமைக்குக் கண் இருக்கிறது, முகம் இருக்கிறது. ஆகவே காசு கட்டி ஆள் வருகிறது. செங்கல்லுக்கு வருவதில்லை. மண்வெட்டியோடு கிளம்பச் சொல்லவில்லை. தெரியாதவன் கைபட்டால் இடிபாடும் கெடும். ஆமைக் கன்னத்துக்குச் செய்ததையே இங்கும் செய்யலாம். ஒவ்வொரு சண்டியையும் ஆண்டுக்கு ஒருமுறை, அதே நான்கு மூலைகளிலிருந்து படம் எடுத்துத் தேதியோடு சேமிக்கலாம். எது அரசிதழில் ஏறியது, எது ஏறவில்லை என்று தொகுதி மக்கள் பிரதிநிதியிடம் எழுத்தில் கேட்கலாம். தமிழ்ச் சங்கங்களும் பள்ளிகளும் ஒரு சனிக்கிழமைக் காலையில் முடிக்கக்கூடிய வேலை. பதாகை அச்சடிக்கும் செலவுகூட ஆகாது.

கெடாக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள்: 2013க்கு முன் 11ஆம் எண் சண்டியை யாராவது படம் எடுத்திருந்தால், மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை, எடுத்த ஆண்டைக் குறிப்பிட்டு இங்கே கீழே இடுங்கள். மகள் ஒரு கோப்பு தொடங்கியிருக்கிறாள்.